குறச்சு வலுது

1

கரமனைப் பாலத்தில் பாதித் தூரம் வந்த பிறகுதான், வேலை பார்த்த பல் லேப்பை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. நிறைய இடங்களை விட்டுக் கிளம்பியவன் நான். கிளம்பினால் கால் முன்னால்தான் போகும். ஆனால் அன்று கால் கனத்தது. பஸ்ஸுக்காக நிற்கவும் மனம் இல்லை, நடக்கவும் மனம் இல்லை.

பக்கத்தில் சரவணன் நடந்து வந்தான். கோயம்புத்தூர்த் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். பல் செதுக்கும் மெஷின் விற்கிற கம்பெனியின் ஆள். எங்கள் லேப்பில் மெஷினை ஓட்டிக் காட்ட வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காட்டியது சரியாக வரவில்லை. அன்று காலை பதினோரு மணிக்கு முதலாளி சுகுமாரன் சார் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்து, இரண்டு விஷயம் சொன்னார். மெஷினைத் திங்கட்கிழமை வண்டி வைத்து எடுத்துப் போய்விட வேண்டும். மாசக் கடைசியில் லேப்பையும் மூடுகிறார்.

"மாடசாமி, நீ வேறே ஜோலி நோக்கிக்கோ" என்றார். எட்டு வருஷத்தில் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்ற நாளெல்லாம் "எடா பாண்டி"தான், தமிழ்க்காரனுக்கு அங்கே வைத்த பெயர். பெயர் சொன்னதும் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு, "இவனை ஸ்டேஷன்ல கொண்டு விட்டுட்டு, நீயும் எங்கேயாவது சோதிச்சு நோக்கு" என்று, வேலை கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பி வைத்தார். சரவணனுக்குத் தம்பானூரில் ரயில். எனக்குக் கிழக்கேகோட்டையில் சாவிக் கடை. முன்பு நான் வேலை பார்த்த கடை.

"ஏனுங்ணா, உங்க சாரு எப்பவுமே இப்பிடித்தானுங்களா?" என்று சரவணன் கேட்டான்.

"எப்பிடி?"

"சொன்னபடி செஞ்சாலும் திட்டறாரு."

எனக்கோ மகளின் பள்ளிக்கூட நினைப்பு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அது ஐந்தாவது வருஷம். நான் ஏழாம் வகுப்பு வரை படித்ததே மூன்று ஊரில்.

2

நம் ஊர் ஆண்டு மலருக்கு எழுதக் கேட்டபோது, வெளியூர் போய்ப் பிழைத்த கதையை எழுது என்றார்கள். சங்கரன்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் என்ன பெரிய தூரம் என்று சிலர் சிரிக்கலாம். ரயிலில் ஒரு ராத்திரிகூட ஆகாது. ஆனால் ஒரு மலைக்கு அந்தப் பக்கம் போனதும், வாயிலிருக்கிற தமிழே எதிராளியாக மாறிவிடுகிற ஊர் அது. துபாயில் இருப்பவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே தெரியாத பாஷை தெரியாத பாஷையாகவே இருக்கும்.

நான் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி, லாரியில் கிளீனர், விழிஞ்ஞத்தில் மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுவது. ஐஸ் வேலையில் விரல் நுனிகள் மரத்துப் போய், சோற்றின் சூடு தெரியாமல் வாயைச் சுட்டுக்கொள்வேன். ஒரு மழைக்காலம் முழுக்க ஐஸ் பெட்டிகளுக்கு மேல் சாக்கு விரித்துப் படுத்தேன். சளி பிடித்தது, போயிற்று. அதற்குப் பிறகு கிழக்கேகோட்டையில் சாவி வெட்டும் வேலை இரண்டு வருஷம். அங்கேதான் கை பழகியது. பழைய சாவியை ஒரு பக்கம் மாட்டி, புதுத் தகட்டை மறுபக்கம் மாட்டி, பழையதை முள் தடவிப் போகும் வழியிலேயே புதியதைச் சக்கரம் வெட்டிப் போகும். முள்ளை அவசரப்படுத்தக்கூடாது. அந்த வேலைக்கு அவ்வளவுதான் படிப்பு.

சுகுமாரன் சாரின் லேப்பில் பிளாஸ்டர் கரைக்கிற ஆளாகச் சேர்ந்தேன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, பல் வடிவத்தை அச்சாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. சேர்ந்த முதல் வாரம் சார் எட்டிப் பார்த்து, "வெள்ளம் குறச்சு கூட்டு" என்றார். தண்ணீரைத்தான் வெள்ளம் என்கிறார் என்று எனக்குத் தெரியும். சரி, குறைக்கச் சொல்கிறார் என்று பாதித் தண்ணீரைக் கீழே கொட்டினேன். பிளாஸ்டர் கிண்ணத்திலேயே கல்லாகி, கரண்டி அதற்குள் மாட்டிக்கொண்டது.

"எடா பாண்டி! வெள்ளம் கூட்டான் அல்லே பறஞ்ஞது?"

"குறைன்னுதானே சொன்னிய சார்?"

மேஜையில் வேலை பார்த்த மற்ற மூன்று பேரும் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள். நமக்குக் குறைச்சு என்றால் குறைத்து. அவர்களுக்குக் குறச்சு என்றால் கொஞ்சம். கொஞ்சம் கூட்டு என்று அவர் சொன்னதற்கு நான் குறைத்துவிட்டேன். அந்தக் கரண்டியோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டியைச் சார் அன்றிலிருந்து ஜன்னலிலேயே வைத்திருந்தார். வருகிற டாக்டர்களிடம் "இது ஞங்ஙளுடே பாண்டியின்றே ஆத்யத்தே கிரீடம்" என்று காட்டுவார். பல் உறைக்கு இங்கிலீஷில் கிரவுன், அதாவது கிரீடம்; எங்கள் பாண்டியின் முதல் கிரீடம் என்கிறார்.

என் மகள் கலாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு மலையாளம்தான் முதலில் வரும். வீட்டில் நான் தமிழில் திட்டினால், அவள் மலையாளத்தில் முணுமுணுப்பாள். ரேஷன் கார்டில் எழுத்தர் என் பெயரை மாதவசாமி என்று எழுதிவிட்டார். மாடசாமி என்றேன். "அதொக்கே ஒன்னு தன்னே" என்று, எல்லாம் ஒன்றுதான் என்கிற மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். திருத்த மூன்று தடவை நடந்து, விட்டுவிட்டேன். கலா பள்ளிக்கூடத்திலும் மாதவசாமி என்றே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"அதான் நல்லாருக்கு அச்சா" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளுக்கு அந்த ஊரில் வேர் பிடித்துவிட்டது. அவளைப் பிடுங்கிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. லேப் மூடினால் போகத்தான் வேண்டும்.

3

லேப் ஏன் மூடுகிற நிலைக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். உலோகத்துக்குப் பதிலாக வெள்ளையான ஒரு புது வகைப் பீங்கானில் பல் உறை செய்யும் காலம் வந்தது. ஜிர்கோனியா என்பார்கள். இரும்பு மாதிரி உறுதி, பல் மாதிரி நிறம். அதை எங்களால் செய்ய முடியாது. அதற்கென்று மெஷின் வைத்திருக்கிற ஒரு மில்லிங் சென்டருக்கு, கொச்சிக்கு, அச்சைக் கூரியரில் அனுப்புவோம். அவர்கள் உள்கூட்டைச் செதுக்கி அனுப்புவார்கள். மேலே பீங்கான் பூசி, நிறம் சேர்த்து, டாக்டருக்குக் கொடுப்பது எங்கள் வேலை.

ஒரு பல்லுக்கு அவர்கள் வாங்கியது ஆயிரத்து நானூறு. போக வர ஐந்து நாள். சரியாக உட்காரவில்லை என்றால் மறுபடியும் ஐந்து நாள். நோயாளி வாயில் தற்காலிகப் பல்லோடு உட்கார்ந்திருப்பார், டாக்டர் போனில் கத்துவார். மாதம் முப்பத்து நான்கு பல் வந்த இடத்தில் இருபத்தாறாகக் குறைந்தது. சில டாக்டர்கள் கொச்சிக்கே நேராக அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

மெஷினும் அடுப்பும் சேர்த்து ஆறு லட்சம். வங்கிக் கடனுக்கு மாதத் தவணை பதினாலாயிரம். மெஷின் ஓட்ட டிப்ளமா படித்த ஓர் ஆள், ஆறாயிரம். ஜிர்கோனியாக் கட்டி ஒன்று நாலாயிரத்தைந்நூறு, அதில் பத்துப் பல் வெட்டலாம். அப்படிப் பார்த்தால் பல்லுக்கு நானூற்றைம்பது. வெட்டும் முனைகள் தேய்மானமும் கரண்டும் ஒரு நூறு. ஆக, வெளியே ஆயிரத்து நானூறு கொடுக்கும் பல்லை உள்ளேயே ஐந்நூற்றைம்பதுக்குச் செதுக்கலாம். பல்லுக்கு எண்ணூற்றைம்பது மிச்சம். தவணையும் சம்பளமுமாக இருபதாயிரத்தை அந்த எண்ணூற்றைம்பதால் அடைக்க, மாதம் இருபத்து நான்கு பல் வேண்டும். வருவது இருபத்தாறு.

"ரெண்டு பல்லு. ரெண்டே ரெண்டு பல்லிலா என்றே ஜீவிதம்" என்று, தன் பிழைப்பே அந்த இரண்டு பல்லில் நிற்பதாகச் சார் சொல்வார். மாதத்தில் சில பல் கெட்டுப் போனாலே கணக்கு ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் வாங்கும் முன்னால் ஓட்டிக் காட்டச் சொன்னார்.

மெஷினைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டர் கிடையாது. கையால் ஓட்டுவது. ஒரு பக்கம் மாதிரிப் பல், மறுபக்கம் வெள்ளைக் கட்டி. மாதிரியை முள் தடவ, கட்டியை முனை வெட்டும். அசல் சாவி மெஷின். ஒரே வித்தியாசம், சாவியில் அளவுக்கு அளவு. இதில் பெரிதாக வெட்ட வேண்டும். வெட்டும்போது கட்டி சாக்பீஸ் மாதிரி மெதுவாக இருக்கும். அடுப்பில் வைத்துச் சுட்டால் கால் பங்கு போலச் சுருங்கி, சரியான அளவுக்கு வந்து, கல்லாகிவிடும். எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு கட்டியிலும் எண் போட்டிருக்கும். அந்த எண்ணை மெஷினில் இருக்கிற அளவுகோலில் வைத்து முடுக்கிக்கொள்ள வேண்டும்.

சரவணன் மாதிரியைச் செய்தான், மாட்டினான். சார் அவன் தோள்பக்கம் நின்று ஏதோ சொன்னார். நான் பக்கத்து அறையில் பிளாஸ்டரைச் சீவிக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டியதை அடுப்பில் வைத்தார்கள். மறுநாள் காலை எடுத்து அச்சின் மேல் வைத்தால், உறை பாதியில் நின்றுவிட்டது. இறங்கவே இல்லை.

"ஆத்யத்தேதே கேடு!" என்று சார் கையை உதறினார். "மாசத்துல ரெண்டு போனா ஞான் போயி. இது முதல் பல்லே போச்சு."

சரவணன் மெஷின் மேல் தப்பு இல்லை என்றான். சார் அவனை மேலே பேச விடவில்லை.

4

பாலம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சரவணன் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் நடக்கத் தெம்பு இல்லை. இரண்டு டீயும் பழம்பொரியும், வாழைப்பழ பஜ்ஜிதான், சொன்னேன்.

"கம்பெனியில என்ன சொல்றதுன்னே தெரியலீங்ணா. மூணு மாசமா ஒரு மெஷினும் போகல" என்றான். "அந்த நம்பர் கட்டியிலயே போட்டிருக்குது. அத அப்பிடியே வச்சிருந்தா கச்சிதமா உக்காந்திருக்கும். இவருதான் மாத்தச் சொன்னாரு."

"என்ன மாத்தச் சொன்னாரு?"

"கொறைக்கச் சொன்னாருங்க."

"சார் குறைக்கச் சொன்னாரா? அவரு எதையும் கொஞ்சம் தளர்வா வைக்கற ஆளுல்லா? சிமெண்டு இறங்க இடம் வேணும், இடம் வேணும்னு கிடந்து கத்துவாரே."

"அதுதானுங்க எனக்கும் ஆச்சரியம். சரி, அச்சுலயே இடம் விட்டிருப்பாருன்னு நெனச்சுட்டேன். அவரு சொன்னத அப்பிடியே சொல்றேன் கேளுங்க. 'குறச்சு வலுவாக்கணும்'னாரு. கொறைச்சு, வலுவாக்கணும். பெரிசா இருந்தா பலமில்ல, சின்னதா இருந்தா நல்லா வலுவா இருக்கும்னு சொல்றாரு போலன்னு கொறைச்சேன்."

டீ க்ளாஸ் என் கையில் சாய்ந்து, சூடு முழங்கை வரை ஓடியது.

"தம்பி, இன்னொரு தடவ சொல்லு. வலுவாக்கணும்னா சொன்னாரு, வலுதாக்கணும்னா சொன்னாரு?"

"என்னுமோ வலு."

நான் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வலுது என்றால் அவர்களுக்குப் பெரியது. குறச்சு வலுதாக்கணும் என்றால் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். சார் கேட்டது கொஞ்சம் பெரிது. இவன் செய்தது குறைத்து, உறுதி.

விளக்கிச் சொன்னதும் சரவணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அட ஏனுங்ணா, ஆறு லட்ச ரூவா மெஷின் ஒத்த எழுத்துல போச்சுங்களா?"

"போகலை. எந்தி."

ஆனால் எழுந்தவனை நானே மறுபடி இழுத்து உட்கார வைத்தேன். சொல்லைத் திருத்தினால் முதல் பல் சரியாகும். இரண்டு பல் பயம் அப்படியே இருக்கும். பழம்பொரி சுற்றி வந்த பேப்பரை விரித்து, அவனிடம் பேனா வாங்கினேன். ஏழாம் வகுப்புக் கணக்கு எனக்குப் போதும். டிப்ளமா ஆளுக்கு ஆறாயிரம் எதற்கு? கை மெஷின் இது. முள் பிடிக்கத் தெரிந்தவன் ஏற்கனவே சம்பளம் வாங்கிக்கொண்டு லேப்பில் இருக்கிறான். அவனுக்கு மேற்கொண்டு இரண்டாயிரம் கொடுத்தால் போதும். தவணை பதினாலாயிரம், அந்த இரண்டாயிரம். எண்ணெய் படிந்த பேப்பரில் எண்ணூற்றைம்பதால் வகுத்துப் பார்த்தேன். பத்தொன்பது பல். வருவது இருபத்தாறு.

"ரெண்டு பல்லு ஏழு பல்லாச்சு, பாத்தியா?" என்றேன்.

சரவணன் பேப்பரையும் என்னையும் பார்த்தான். "நீங்க இதை ஓட்டுவீங்களாண்ணா?"

"ரெண்டு வருசம் கிழக்கேகோட்டைக்கே சாவி வெட்டினவன் தம்பி. ஒருத்தனும் பூட்டு திறக்கலன்னு திரும்பி வரல."

அப்போதுதான் லேப் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

5

சார் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "எந்தா, வண்டி போயோ?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சரவணனைப் பார்த்து, "ஞான் எந்தா பறஞ்ஞது?" என்றார்.

"கொறைச்சு வலுவாக்கணும்னீங்க சார்."

சார் எழுந்து போய், ஜன்னலில் பிளாஸ்டர் கட்டியோடு நின்றிருந்த அந்தப் பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, சரவணன் கையில் கொடுத்தார். "இது இவன் செய்தது. நீ இவன்றே அனியன்" என்றார். தம்பிதான் அனியன். சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் அந்த எண்ணெய்ப் பேப்பரை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

"நீ வெட்டுமோ?"

"இப்பவே வெட்டுதேன் சார். கெட்டுப் போச்சுன்னா அந்தக் கட்டி காசை என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க."

"சம்பளமோ? லேப் பூட்டியில்லே?"

"அப்ப ஒங்களுக்குத்தான் நட்டம்."

அவர் மெஷின் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

கட்டியில் போட்டிருந்த எண்ணைச் சரவணன் உரக்கப் படித்தான். அதை வைத்து, சார் கேட்ட அந்தக் குறச்சை ஒரு மயிரிழை கூட்ட வேண்டும். எவ்வளவு என்று சாரைக் கேட்டால், "குறச்சு" என்றார். சரவணன் அளவுகோலைக் காட்டி, "நம்பர் சொல்லுங்க சார், சாமி சத்தியமா நம்பர் சொல்லுங்க" என்றான். சொன்னார்.

முள்ளைப் பிடித்தேன். வெள்ளை மாவு பறந்து முழங்கை வரை படிந்தது. விளிம்புக்கு வந்ததும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பல் உறையின் விளிம்பு உடைந்தால் அத்தோடு போயிற்று. சாவியில் கடைசிப் பல்லை வெட்டுவதும் அப்படித்தான். நாற்பது நிமிடம் ஆயிற்று. சார் ஒரு போன்கூட எடுக்கவில்லை.

தினமும் ராத்திரி ஏழரைக்கு அரை மணி நேரம் கரண்ட் போய் வரும். அது போய் வந்த பிறகு அடுப்பை மூட்டிவிட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். சரவணன் எங்கள் வீட்டில் படுத்தான். கலா அவனிடம் மலையாளத்தில் நிறையப் பேசினாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "புரியுதா?" என்று கேட்டேன். "இனிமே கேக்காம எதுவும் செய்யறதில்லீங்ணா" என்றான்.

6

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். மறுபடியும் அதே ரேஷன் ஆபீஸ். கார்டைப் புதுப்பிக்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு புது எழுத்தர்.

"ஜோலி?"

"மில்லில சார்."

"ஏது மில்லு? அரியோ, முளகோ?" அரிசி மில்லா, மிளகாய் மில்லா என்கிறார்.

"பல்லு சார்."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பல்லு பொடிக்குன்ன மில்லோ?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கூட வந்திருந்த கலா முன்னால் வந்து, ஜிர்கோனியாவை, அடுப்பை, சுருக்கத்தை எல்லாம் கடகடவென்று மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். நான் அவளுக்கு எப்போதோ தமிழில் சொன்னது. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். எழுத்தர் கேட்டுவிட்டு, தொழில் என்ற கட்டத்தில் "மில்" என்று மட்டும் எழுதினார். பெயர் மாதவசாமியாகவே இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன், தமிழில், மாடசாமி என்று.

7

அன்று அடுப்பை மூட்டிவிட்டுப் போன மறுநாள் காலை, நாங்கள் போவதற்கு முன்பே சார் வந்து, அடுப்புக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் கதவைத் திறக்கவில்லை. "நீ எடு" என்றார்.

இடுக்கியால் எடுத்தேன். நேற்று கட்டைவிரல் நகம் அளவு இருந்தது, சுருங்கி, பளிச்சென்று, தட்டினால் கண்ணாடிச் சத்தம் வருகிற கல்லாகியிருந்தது. சார் அதை வாங்கி அச்சின் மேல் வைத்து, ஒரு விரலால் அழுத்தினார்.

இறங்கியது. விளிம்பு வரை இறங்கி, சின்னதாக ஒரு 'டிக்'.

பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். அந்த டிக் சத்தத்துக்காகவே நாலைந்து தடவை வைத்திருப்பார்.

"எடா பாண்டி" என்றார். எனக்கு அது போதும்.

சரவணன் கொண்டுவந்திருந்த மெஷின் வாங்குகிற காகிதங்களில் சார் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "மாடசாமிக்கு சம்பளம் குறச்சு கூட்டாம்" என்றார்.

சரவணன் என் இடுப்பில் கிள்ளினான். "ஏனுங்ணா, வேலைய வாங்கிட்டுச் சம்பளத்தக் கொறைக்கறேங்கறாரே!"

"சும்மா இரு தம்பி. கூட்டுதாரு."

"எவ்வளவுங்க?"

"குறச்சு."

சார் நிமிர்ந்தார். "ரெண்டாயிரம். நம்பர் மதியோ?" என்று சரவணனைப் பார்த்துக் கேட்டார். போதுமா என்று கேட்கிறார் என்பது அவனுக்கும் புரிந்தது.

ஒன்பது மணிக்கு, தினமும் வருகிற கூரியர்க்காரர் கொச்சிப் பார்சலுக்காக வாசலில் வந்து நின்றார். முந்தின நாளே கட்டி வைத்த பார்சல் மேஜையில் இருந்தது, உள்ளே ஆறு பல்லின் அச்சு. சார் அதைக் கையில் எடுத்து, ஒரு தடவை எடை பார்ப்பது போல ஆட்டிவிட்டு, கூரியர்க்காரரிடம் "இன்னு ஒன்னும் இல்லா" என்றார். பார்சலை என் பக்கம் நீட்டினார்.

கயிற்றை அறுத்தேன். ஆறு அச்சையும் வரிசையாக வைத்தேன். ஸ்டூலை மெஷினுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, முதல் பல்லை மாட்டினேன். மில் வேலைக்கு நான் சேர்ந்தது அப்படித்தான்.